தீனி கேட்காத இறால்

எலாமாவின் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பதுதான். வேதப் புத்தகமும் கையுமாக ஆள் பிடிக்க வந்த டை கட்டிய இரண்டு பேர், கர்த்தரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஆளுக்கொரு தட்டுச் சோறும் கருவாடும் தின்றுவிட்டு, வந்த வேலையை மறந்து ஏப்பம் விட்டுக்கொண்டு போனார்கள். நான் அடுத்த வீட்டுக்காரி. அவன் சமையல் எனக்குப் பிடிக்காது, உப்பை அள்ளிக் கொட்டுவான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்த நாள் கிடையாது.

அவன் செய்த தொழில் அப்படி. ஹவாய்த் தீவில், எங்கள் கோனா கரையில் ஓப்பேலு மீன் பிடிக்கிறவன் வலையைத் தூக்கிக்கொண்டு நேரே கடலுக்கு ஓட மாட்டான். மீன் கூடுகிற இடத்துக்குத் தினமும் ஓடத்தில் போய், துருவிய பூசணியும் வெந்த சேப்பங்கிழங்கும் போட்டு மாதக்கணக்கில் ஊட்டுவான். அதுவரை வலை கரையில்தான் கிடக்கும். ஓடத்தின் நிழலைக் கண்டாலே மீன் ஓடி வரும் அளவுக்குப் பழகிய பிறகுதான் வலைக்கு வேலை. இப்படி ஊட்டுவதற்கு எங்கள் மொழியில் 'ஹானை' என்று பெயர். இன்னொருவர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்து வளர்ப்பதற்கும் அதே சொல்தான். யார் சோறு போட்டார்களோ அவர்களுடைய பிள்ளை, அவ்வளவுதான் விஷயம்.

எலாமாவின் மகள் மோமி அப்படி வந்த ஹானைப் பிள்ளை. அவன் மனைவி ரோஸின் தங்கை பெற்றவள். வரும்போது நோஞ்சான், அழக்கூடத் தெம்பில்லை. சேப்பங்கிழங்குக் கூழை விரலில் தொட்டுத் தொட்டு எலாமாதான் அவளைத் தேற்றினான். பிறகு என்ன, வளர்ந்தாள், படித்தாள், லாஸ் வேகஸுக்குப் போய்விட்டாள். எங்களுக்குத் தீவு எட்டு, வேகஸ் ஒன்பதாவது என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம், அத்தனை பேர் அங்கே போய்க் குடியேறிவிட்டார்கள். வேலையும் வீடும் அங்கேதான் கிடைக்கிறது. மோமி ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறாள். ரோஸ் கண்ணை மூடினாள். எலாமாவும் முட்டி தேய்ந்து கடலுக்குப் போவதை விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் கையால் சாப்பிட ஒரு ஜீவன் இல்லை, என்னைத் தவிர. நானும் ஓடி ஒளிகிறவள்.

அப்பாக்கள் தினத்துக்கு மோமி தபாலில் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். பிரித்தால் ஒரு கண்ணாடி உருண்டை. சாத்துக்குடியை விடக் கொஞ்சம் பெரியது. உள்ளே தண்ணீர், ஒரு கறுப்புக் குச்சி, நாலைந்து கூழாங்கல், அரிசி நீளத்தில் ஐந்து சிவப்பு இறால். நான் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் தீவின் பாறைக் குட்டைகளில் இருக்கும் இறாலேதான்! ரோட்டைத் தாண்டினால் அந்தக் குட்டைகள் கிடக்கின்றன.

"யோவ் எலாமா, நம்ம ஊரு இறாலுய்யா இது! விமானம் ஏறி, வேகஸ் எல்லாம் சுத்திப் பாத்துட்டு, தபால்ல திரும்பி வந்திருக்கு. நீயும் நானும் இன்னும் ஹோனலூலுவையே முழுசாப் பாக்கல."

அவன் சிரிக்கவில்லை. உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குத் திறப்பு எங்க இருக்கு?"

"திறப்பே இல்ல. பெட்டியில போட்டிருக்கு பாரு. தீனி வேண்டாம், தண்ணி மாத்த வேண்டாம், கவனிக்கவே வேண்டாம், மேஜையில வச்சு அழகு பாத்தா போதுமாம். நேரமில்லாதவங்களுக்கு ஏத்த பரிசாம்."

"அப்ப எதைத் தின்னும்?"

எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு மோமி கூப்பிட்டபோது அவளையே கேட்டான். எலாமாவுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில்தான் போடுவான், அப்பா மகள் பேச்சு தெருவுக்கே கேட்கும்.

"உள்ள பாசி இருக்குப்பா, அதையே தின்னுக்கும். உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. துணையா இருக்குமேன்னுதான் அனுப்பினேன்."

"சரிம்மா, நல்லா இருக்கு" என்றான் அவன்.

நல்லாவா இருந்தது? சாப்பாட்டு மேஜையில் வைத்தான். இரண்டு வாரம் கழித்து நான் போனபோது உருண்டை மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"அதுங்க பாத்துக்கிட்டே இருக்கு லெய்னா. அதுங்களைப் பட்டினி போட்டுட்டு எதிர்ல உக்காந்து நான் மட்டும் எப்படி முழுங்குறது? சாப்பிடுற நேரம் மூடிடறேன்."

பைத்தியம் என்று வாயில் வந்தது, சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதம் அவன் மேஜையில் சாப்பிடுவதையே விட்டுவிட்டான். அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. உருண்டைக்குள்ளும் அதே கதைதான். ஒவ்வொரு முறை தோல் கழற்றும்போதும் இறால்கள் வளர்வதற்குப் பதிலாகச் சிறுத்தன. சிவப்பு போய் வெளிறின. ஐந்து நான்காகி, மூன்றாகி, கடைசியில் இரண்டுதான் மிஞ்சின. செத்ததின் மிச்சம்கூட இல்லை, மற்றவை தின்றுவிட்டன. கடையில் இதை அடுக்கி வைத்து விற்கிறார்களே, அவர்களை ஒரு வாரம் இப்படி அடைத்து வைக்க வேண்டும். அப்போது தெரியும் கவனிக்க வேண்டாத பரிசு எப்படி இருக்கும் என்று.

"உடைச்சு வெளிய எடுய்யா" என்றேன்.

"மோமி கொடுத்ததாச்சே."

"மோமி கொடுத்தா என்ன? உள்ள இருக்கறது சாவுது, உனக்குக் கண்ணு தெரியலையா?"

குட்டைகளைக் காவல் காக்கிற பெண்ணிடம் நானே போய் விசாரித்தேன். எங்கள் குட்டையில் விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எந்தக் குட்டையில் அள்ளியதோ தெரியாது, ஒரு குட்டையின் வம்சத்தோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாதாம். வாயகன்ற ஜாடியில் பாசி பிடித்த எரிமலைக் கல்லைப் போட்டு, பாதி கடல் தண்ணீரும் பாதி மழைத் தண்ணீரும் ஊற்றி வைத்தால் வருஷக்கணக்கில் நன்றாக இருக்குமாம். ஒன்றே ஒன்றுதான், தீனி போடவே கூடாது. கல்லில் இருக்கிற பாசியே போதும், மேலே எது போட்டாலும் தண்ணீர் கெட்டுவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வாராவாரம் வரும் போனில், எலாமா மகளிடம் சொன்னான்.

"மோமி, உருண்டையைத் திறக்கப் போறேன்மா. கோச்சுக்காத."

"ஏம்ப்பா? பிடிக்கலையா?"

"உள்ள பட்டினியாக் கிடக்குதுங்க. ரெண்டுதான் பாக்கி."

மோமியின் குரல் ஏறியது. "நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு வாராவாரம் சொன்னியே! எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்ல. ஒண்ணும் செய்யாமலே உசிரோட இருக்கும்னு போட்டிருந்தான், அதான் வாங்கினேன். வேற என்ன அனுப்பறது உனக்கு?"

எலாமா, "நீ நல்ல மனசோடதாம்மா அனுப்பின" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

உருண்டையின் அடியில் ரப்பர் மாதிரி ஓர் அடைப்பு இருந்தது. கத்தி முனையால் நோண்டி எடுத்தான். குப்பென்று நாற்றம். ஜாடியை நான்தான் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு இறாலும் கல்லிடுக்கில் போய் ஒளிந்துகொண்டன, நாலு நாள் தலை காட்டவில்லை. பிறகு ஒருநாள் காலையில் எலாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊரே கேட்கக் கத்தினான்.

"ஏ லெய்னா! செவந்துடுச்சு! வந்து பாரு!"

ஓடினேன். நிஜமாகவே மிளகாய்ப் பழ நிறம். கல் மேல் ஏறி, கண்ணுக்குத் தெரியாத பாசியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தன. எலாமா மேஜையில் உட்கார்ந்து, ஒரு தட்டு நிறையச் சோறு வைத்து அவற்றுக்கு எதிரிலேயே சாப்பிட்டான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

"தீனி போட்டுடாத. அந்தப் பொண்ணு சொன்னது நெனப்பிருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு. பத்துத் தடவை சொல்லிட்ட."

"உன் கை எனக்குத் தெரியும்யா. பாறாங்கல்லுக்கே சோறு ஊட்டுற கை அது."

ஹீலோவில் என் தங்கைக்குக் கண் ஆபரேஷன். கொஞ்ச நாள் அங்கே இருக்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து நேரே அவன் வீட்டுக்குத்தான் போனேன். ஜாடித் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது. எலாமா அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா போட்ட?"

"சேப்பங்கிழங்கு. குண்டூசித் தலை அளவு."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவைதான் போட்டேன். அது கண்ணாடிகிட்ட வந்து நின்னுது லெய்னா. விரலை உள்ள விட்டேன், விரல்லேருந்தே வாங்கித் தின்னுச்சு. கூச்சமே இல்ல. மறுநாள் நான் உக்காந்ததுமே ரெண்டும் ஓடி வந்துச்சு. வந்து நிக்குதே, எப்படி இல்லேன்னு சொல்றது?"

"அடப்பாவி மனுஷா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன். கையில் இருந்த பையை வீசி எறிந்தேன். அவன் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால்கூட என் கோபம் ஆறியிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். குழந்தை மாதிரிக் கேட்டான்.

"சாப்பாடு போட்டா பொழைக்கத்தானே செய்யும்? மீனு பொழைச்சுது, மோமி பொழைச்சா. இது மட்டும் ஏன்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டும் கல்லோரத்தில் நிறமே இல்லாமல் கிடந்தன. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது.

"அப்பா, இறால் எப்படி இருக்கு?"

"செத்துப் போச்சும்மா. ரெண்டும். நான்தான் ஊட்டிக் கொன்னுட்டேன்."

"ஐயோ, அழறியாப்பா? அழாதப்பா. இறால்தானே. இரு, வேற ஒண்ணு அனுப்பறேன். இப்ப இன்னும் பெருசா வருது, நிறைய இறால் போட்டு. இன்னிக்கே அனுப்பிடறேன், சரியா?"

அவள் பார்த்துக்கொண்டிருப்பதுபோல எலாமா வேண்டாம் என்று வேகவேகமாகத் தலையை ஆட்டினான்.

"அனுப்பாத மோமி. நீ வா."

இத்தனை வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு வேலை, லீவு கிடைக்காது, பாவம் குழந்தை என்று அவனே முந்திக்கொண்டு சொல்வானே தவிர, வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போனில் அந்தப் பக்கம் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"பாக்கறேம்ப்பா" என்றாள் மோமி. "இப்ப கூட்டம் ஜாஸ்தி... அப்புறமாக் கேட்டுப் பாக்கறேன். வச்சுடட்டுமா? கூப்பிடறாங்க."

எலாமா போனை மேஜை மேல் வைத்தான். என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"வரேன்னு சொல்லிட்டா லெய்னா. கேட்டியா?"

என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"கேட்டுச்சுய்யா" என்றேன்.