படம் நிற்கக் கூடாது

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் நின்று பிழைப்பு நடத்துகிறவன் நான். விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர்களை வீடுகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் பொருத்திக் கொடுப்பது என் தொழில். ஹைதராபாத் சனத்நகரில் கீழே ஒரு லேத் பட்டறை. அங்கே இருக்கையும் பிடியும் தயாராகும். மேல்மாடியில் நானும் என்னுடன் வேலை செய்யும் கவிதாவும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவோம்.

வாடிக்கையாளருக்கு ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கத் தெரிய வேண்டும். படமும் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். விமானம் முன்னே போகப் போக, அடுத்த தெருவின் வீடுகளையும் மரங்களையும் கம்ப்யூட்டர் எடுத்து வந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிற வேலைதான் இது. இலையில் கை வைக்கிறவன் காத்திருக்கக் கூடாது. பதார்த்தம் அதிகமானால் பரிமாறுகிறவன் திணறுவான், படம் நின்று நின்று குதிக்கும். பெரிய டிவி வாங்கி, அதில் முக்கியமான கட்டத்தில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூலையில் ஒரு எண்

முத்துக்குமார் மதுரைக்காரர், இங்கே ஐ.டி. கம்பெனியில் நல்ல வேலை. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதைத் திரையின் மூலையில் ஓர் எண்ணாகக் காட்ட வைக்கலாம். அவர் அதை வைத்திருந்தார். எண் அறுபதுக்கு ஏறினால் முகம் மலரும், இருபத்தைந்துக்கு விழுந்தால் வாடிவிடும். நான் போய் அதை முப்பதில் கட்டிப்போட்டேன். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஆடாத முப்பது, ஆடுகிற அறுபதைவிட மேல் என்பது என் கொள்கை. "பாதியாக் குறைக்கறதுக்கா சார் உங்களைக் கூப்பிட்டேன்?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

எனக்கும் கோபம் வந்தது. வாதாடிப் பயன் இல்லை என்று தெரிந்ததும், அவர் மனைவியிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வாங்கி, அந்த எண் மேல் ஒட்டினேன். "இப்ப ஓட்டுங்க" என்றேன். அவர் கோல்கொண்டா கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். இன்னொரு வட்டம் அடித்தார். "அறுபது வந்துடுச்சு போலிருக்கே சார்!" என்று குதூகலித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொட்டை எடுத்துடாதீங்கண்ணா. மெஷின் வாங்கின நாள்லேருந்து இவரு அந்த நம்பரைத்தான் பாத்தாரு, வானத்தை இன்னைக்குத்தான் பாக்கறாரு."

அட்கிடுச்சு

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து செகந்திராபாத் வந்து தங்கியது. எங்கள் தமிழில் தெலுங்கும் இங்குள்ள இந்தியும் கலந்து ஓடும். கவிதா கோயம்புத்தூரிலிருந்து போன வருஷம்தான் வந்தாள். எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்பதை மூக்கால் மோப்பம் பிடிக்கிற கெட்டிக்காரி. ஆனால் இந்தி ஒரு சொல் தெரியாது.

ஒருநாள் நான் வெளியே போயிருந்தபோது திருமுல்கேரியிலிருந்து செல்வராஜ் அண்ணன் போன் செய்திருக்கிறார். அவருடைய மகள் ஜெனி விமானி லைசென்ஸ் வாங்கியவள். விமானக் கம்பெனியில் சேர வேண்டுமானால் அவர்களுடைய பெரிய சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். ஒருமுறை போய்த் தோற்றுவிட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் தருவார்கள். அதற்கு மேல் அந்தக் கதவு மூடிவிடும். அந்த முதல் தேர்வுக்கு முன்பே, அவள் வீட்டில் பழகுவதற்காக அண்ணன் ஆசையாக வாங்கிய மெஷின் என் கையால் பொருத்தியது. நான் திரும்பி வந்ததும் கவிதா சந்தோஷமாகச் சொன்னாள்: "சார், செல்வராஜ் சார் கூப்பிட்டாருங்க. படம் குதிச்சுட்டே இருந்துச்சாம், இப்ப அடங்கிடுச்சாமுங்க." நல்லது, ஒரு வேலை மிச்சம் என்று நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அண்ணன் போனில் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். அவர் சொன்னது "அட்கிடுச்சு". இந்தியில் 'அடக்' என்றால் சிக்கி நின்றுபோவது. எங்கள் ஊர்த் தமிழில் அது அப்படியே வினைச்சொல்லாகிவிட்டது. கவிதாவின் காதில் அது 'அடங்கிடுச்சு' என்று விழுந்திருக்கிறது. நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அடங்கினது மெஷின் இல்ல தம்பி, எம் பொண்ணுதான். போன தடவ தோத்துட்டு வந்ததுலேருந்து அவ வாயத் தொறந்து பேசறதே இல்ல" என்றார்.

கோயிலும் தெரியணும்

கவிதாவையும் அழைத்துக்கொண்டு திருமுல்கேரிக்கு ஓடினேன். மெஷினைத் திறந்து பார்த்தால் நான் வைத்துவிட்டுப் போன அமைப்பு ஒன்றுகூட அங்கே இல்லை. ஒவ்வொரு அளவையும் அண்ணன் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். போதாததற்கு செகந்திராபாத் கட்டடங்களை அச்சு அசலாகக் காட்டும் ஒரு காட்சித் தொகுப்பையும் வாங்கி ஏற்றியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறவுக்காரர்கள் வந்து உட்காருவார்களாம். ஜெனி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, பேகம்பேட்டைப் பழைய ஓடுதளத்தில் இறக்க வேண்டும். மாதா கோயில் கோபுரம் வந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். ஓடுதளம் நெருங்கும்போது கட்டடமும் மரமும் நிறுத்திவைத்த விமானங்களும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் பாவம், கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

மரங்களைக் குறைக்கப் போனேன். "நக்கோ தம்பி, மரம் இருக்கட்டும்" என்றார். சாலையில் ஓடும் கார்களை எடுக்கப் போனேன், அதற்கும் நக்கோ. வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு மெஷினில் இரண்டு தனி அமைப்புகள் செய்தேன். ஒன்றுக்கு 'வேடிக்கை' என்று பெயர் வைத்தேன், அது அண்ணனுக்கு. மற்றதற்கு 'வேலை' என்று பெயர், அது ஜெனிக்கு. அதில் தூரத்துக் காட்சியின் எல்லையைச் சுருக்கினேன், ஏரித் தண்ணீரின் மினுமினுப்பை அணைத்தேன், கார்களைத் துரத்தினேன், ஓடுதளத்தைச் சுற்றி வேண்டியதை எல்லாம் விமானம் கிளம்புவதற்கு முன்பே ஏற்றி வைத்துக்கொள்ளச் செய்தேன். எதை விட்டால் கண்ணுக்குத் தெரியாது, எதை விட்டால் கண் கண்டுபிடித்துவிடும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கணக்கு இந்த நகரத்தில் என்னைப் போல் வேறு யாருக்காவது வருமா என்று கேட்டால், வராது என்றுதான் சொல்வேன். நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். புறப்பட்டதிலிருந்து தரை தொடும் வரை படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் திரைக்குள் மூக்கை நுழைத்துத் தேடிக்கொண்டிருந்தார். "ஹவ்" என்று ஆமோதித்தார். "ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டு மேல இருந்த தண்ணித் தொட்டியக் காணோமே தம்பி!"

கைக்கு?

ஜெனி இங்கேயே படித்து வளர்ந்த பெண். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். எரிச்சல் வந்தால் ஹைதராபாத் இந்தி வரும். புதிய அமைப்பில் அவள் உட்கார்ந்து ஓட்டினாள். வானத்தில் இருக்கும் வரை அவள் ஓட்டுவதைப் பார்க்க அத்தனை அழகு. கடைசி நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் தூக்கி, சக்கரம் மெதுவாகத் தரையில் படும்படி இறக்க வேண்டும். அங்கேதான் 'டம்' என்று விழுந்தது. படம் ஒழுங்காக ஓடியும் விழுந்தது. மறுபடி இறங்கினாள், மறுபடி 'டம்'. என் காலர் தானாகக் கீழே இறங்கியது. அவள் பிடியை அடித்து, "கைக்கு? கைக்கு?" என்று கத்தினாள்.

எங்கள் ஊரில் 'கைக்கு' என்றால் 'ஏன்' என்று அர்த்தம். கவிதாவுக்கு அது எப்படித் தெரியும்? பதறிப்போய் ஜெனியின் பக்கத்தில் குனிந்தாள். "கைக்கு என்னாச்சுங்க? வலிக்குதுங்களா?" நானும் அண்ணனும் சிரித்துவிட்டோம். கவிதா சிரிக்கவில்லை. அடுத்த முறை ஜெனி இறங்கும்போது நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம், கவிதா மட்டும் ஜெனியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், படம் நிக்கலைங்க. ஆனா இவங்க கை நிக்குதுங்க" என்றாள்.

பழைய அமைப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓடுதளத்துக்குப் பக்கத்தில் படம் ஒரு கணம் நின்றது, ஜெனியின் கையும் நின்றது. படம் ஓடியதும் கை இழுத்தது. புதிய அமைப்பிலோ படம் ஓடிக்கொண்டே இருந்தது. கை மட்டும் அதே இடத்தில் நின்று, வராத தடங்கலுக்காகக் காத்திருந்தது. நின்று நின்று ஓடிய படத்தோடு பழகிய கை அது. அதே கையோடுதான் போன தடவை தேர்வுக்கும் போயிருக்கிறாள். 'தரையைக் கண்டால் பயப்படுகிறார்' என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலும் அதையே நம்பினார்கள், அவளும் நம்பிவிட்டாள். நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கேட்க அவள் பேசிய முதல் தமிழ் வாக்கியம் இதுதான்: "அப்போ இது பயம் இல்லையா அங்கிள்?"

அண்ணனின் தவக்காலம்

அண்ணன் மெஷின் பக்கமே வராமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆசையாக வாங்கிக் கொடுத்தவரும் அவர், அளவுகளை இழுத்துவிட்டவரும் அவர். அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு அவரே வந்து 'வேடிக்கை' அமைப்பையும், 'வேலை'யில் மிச்சமிருந்த கட்டடங்களையும் அழிக்கச் சொன்னார். இருக்கட்டும் அண்ணே, அது தனி, இது தனி என்றேன். கேட்கவில்லை. கோபுரம், வீடு எல்லாம் போயிற்று. ஜெனிக்கு மொட்டை வெளியில் ஒரு ஓடுதளம் மட்டும் மிஞ்சியது.

பழகிய கையை மாற்றுவது கம்ப்யூட்டரை மாற்றுவது போல் சுலபம் இல்லை. அதற்கும் கவிதாதான் வழி சொன்னாள்: தரை நெருங்கும்போது எதையாவது நிறுத்தாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும், வாய் நிற்காவிட்டால் கையும் நிற்காது. ஜெனிக்கு மூச்சுவிடாமல் சொல்லத் தெரிந்த ஒரே விஷயம் செபமாலை மந்திரம். அதைச் சொல்லிக்கொண்டே இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வந்த உறவுக்காரர்களை அண்ணன் வாசலோடு காபி கொடுத்து அனுப்பினார். நான் ஒருநாள் போயிருந்தபோது, கறிக்குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் கறி தொடாமல் இருப்பார்களே, அதுபோல் அவர் மட்டும் மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தவக்காலம்தான் முடிஞ்சு போச்சே அண்ணே" என்று கிண்டல் செய்தேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஊருக்கு முடிஞ்சு போச்சு தம்பி. எனக்கு அவ இறங்குற வரைக்கும்."

மூடுபனி

தேர்வு வடக்கே ஒரு ஊரில். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. போவன்பள்ளிப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த மெஷினைத் திறந்துவைத்துக்கொண்டு, திருகாணியை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. கவிதா கேட்டால் எரிந்து விழுந்தேன். அடுத்த நாள் பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜெனி பெட்டியோடு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மாடி ஏறி வந்தாள். "எடுத்துக்கிட்டாங்க!" என்றாள். கவிதா அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. கீழே பட்டறைக்காரர்களுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை விசில் அடித்தேன்.

பெருமையை அத்தோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. "அவங்க சிமுலேட்டர்ல படம் எப்படி? நம்ம அளவுக்கு ஓடுச்சா?" என்று கேட்டேன். எத்தனை மரம், எவ்வளவு தூரம், கட்டடங்கள் எப்படி என்றெல்லாம் தொழில்காரனின் ஆசையோடு தோண்டினேன். ஜெனி கொஞ்சம் தயங்கினாள். தேர்வாளர் வேண்டுமென்றே மூடுபனியை இறக்கிவிட்டாராம். ஜன்னல் முழுக்க வெள்ளை. கடைசி நொடியில் ஓடுதள விளக்குகள் கொஞ்சம் தெரிந்ததோடு சரி. ஊரும் இல்லை, வானமும் இல்லை. பிறகு சிரித்துக்கொண்டே, முழுத் தமிழில் சொன்னாள்: "மண்ணும் தெரியல, மரமும் தெரியல அங்கிள். ஆனா என் கை நிக்கவே இல்ல."

படத்தை ஓட வைத்தே பிழைக்கிறவன் நான். நெஞ்சை நிமிர்த்தி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைத்த பெரிய வெற்றியோ, படமே இல்லாத இடத்தில் கிடைத்தது.