அண்ணன் உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரை அச்சிடுபவர் என்னிடம், "சாதனைகள்னு ஒரு பக்கம் உட்டு வெச்சிக்கிறேன் சார். வியாழக்கிழமைக்குள்ள மேட்டர் குடுத்துடுங்க" என்றார். அன்றிலிருந்து யோசிக்கிறேன், ஒரு சாதனையும் அகப்படவில்லை.

அண்ணன் மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, பதினெட்டு வயதில் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, என்னைப் படிக்கவைத்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். பதவி உயர்வு வந்தபோது, "சாயங்காலம் லேட்டாகுமாமே" என்று மறுத்துவிட்டார்.

சாயங்காலம் அவருக்கு மாம்பலம் ரயில் நிலையத்தில் வேலை இருந்தது. இறங்கிய கூட்டம் படிக்கட்டில் முண்டியடிக்கும்போது அவர் நடைமேடை பெஞ்சில் உட்காருவார். கூட்டம் கலைய ஐந்து நிமிடம் போதும். அவர் அரை மணி நேரம் உட்காருவார். கையில் பேப்பர்கூட இருக்காது. வீட்டுக்கு வரும்போது முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் இருக்கும். அண்ணியிடம் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை.

நானோ தினமும் வேலைப் பட்டியல் போடுபவன். அதில் முதல் வேலை, பட்டியல் போடுவது. உடனே ஒன்றை அடித்துவிடலாம் அல்லவா?

அண்ணன் அடையாறில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது அவருக்கும் ஓர் அட்டவணை கொண்டுபோனேன். மூச்சுப் பயிற்சி, நடை, பழச்சாறு, நாலு மணிக்கு ஓய்வு. கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"டேய், ஓய்வ நான் பாத்துக்கறேன். மிச்சத்த நீ பண்ணிடு. இப்ப கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தேன்.

"பாரு, இவன் காலு மட்டும் ஆபீசுக்குப் போய்க்கினு கீது" என்றார் அண்ணியிடம்.

மாத்திரை வாங்க வேண்டும் என்று எழுந்து ஓடினேன். அவர் அங்கே இருந்த பதினோரு நாளில் நான் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தது அவ்வளவுதான்.

போன வாரம், சாதனை ஏதாவது கிடைக்குமா என்று குறிப்பேட்டோடு அந்த பெஞ்சுக்கே போனேன். நான்காம் நிமிடம் வியர்த்தது. பூக்கூடையோடு ஓர் அம்மா வந்தார்.

"இன்னா சார், டிரெயின உட்டுட்டியா?"

"இல்லம்மா, சும்மாதான்."

"சும்மாவா? அப்ப இன்னாத்துக்கு வாட்ச்ச பாத்துக்கினே கீற? தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போனது. குறிப்பேட்டில் ஒரு வரியும் ஏறவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், பரபரப்பில்லாத என் முகத்தைப் பார்த்து மனைவி, "உடம்புக்கு என்ன?" என்று பதறினாள்.

அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவரைவிட்டு நகராத அண்ணிக்கும், தோள் கொடுத்த உங்களுக்கும், தள்ளி உட்காரச் சொன்ன அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் 'சாதனைகள்' என்ற தலைப்பு மட்டும் இருக்கும். அச்சகத்தார் மேல் தவறில்லை. நிதானமாகப் பாருங்கள். சாப்பாட்டுக்கு அவசரமில்லை, முதல் பந்திக் கூட்டம் எழுந்திருக்கட்டும்.