ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு ஒரு பை

ஐம்பத்தெட்டாம் எண் சட்டைக்காரனுக்குக் கசகசா வைத்த கொலாச்சி பன் ஆகாது, பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்த பன் என்றால் நின்ற நிலையிலேயே நான்கு உள்ளே போகும். நீல நிறப் பானம் குடிப்பான், சிவப்பைத் தொட மாட்டான். ரோண்டாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதையெல்லாம் ஒப்பிப்பாள். இத்தனைக்கும் அந்தப் பையன் அவள் மகனும் இல்லை, உறவும் இல்லை. வானெக் வீட்டுப் பையன், பெயர் க்ளின்ட். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் ரோண்டாவின் மகள் மார்லி கால்பந்துத் தலைக்கவசத்துக்குள் கைவிட்டு எடுத்த சீட்டில் அவன் எண் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வாசெக்வில் பள்ளியில் சியர்லீடர் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒரு கால்பந்துக்காரன் உண்டு. சீசன் முடியும் வரை, வெள்ளிக்கிழமை தோறும், முதல் மணி அடிப்பதற்குள் அவனுடைய லாக்கரில் ஒரு பை தொங்க வேண்டும். உள்ளே பலகாரம், பானம், பளபளக்கும் மையில் எழுதிய ஒரு வாழ்த்து. பெண்ணின் பெயரில்தான் பை, ஆனால் அதைச் செய்வது அம்மாக்கள். எந்த அம்மாவின் பை கனம், எந்த அம்மா கடையில் வாங்கிப் போட்டாள் என்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அலசப்படும்.

ரோண்டா எனக்கு ஓரகத்தி. என் கணவரின் தம்பி டெனிஸைக் கட்டியவள். பல் டாக்டரிடம் முன்மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஊரில் யார் வாய்க்குள் எது சொந்தப் பல், எது கட்டியது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் வெளியே விட மாட்டாள். நல்ல மனுஷி. யாராவது படுத்துக்கொண்டால் முதல் சூப் பாத்திரம் அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

அவளும் சியர்லீடராக இருந்தவள்தான். பருத்திக் காட்டு வீட்டில் ஆறாவதாகப் பிறந்த பெண். அக்காக்களின் சட்டைகள் ஐந்து உடம்பைத் தாண்டி அவளிடம் வந்து சேரும். முதன்முதலாக அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த உடுப்பு சியர்லீடரின் சிவப்புப் பாவாடைதான். நான்கு பெண்களின் தோள்மேல் கோபுரமாக ஏறி நின்றபோது ஊர் மொத்தமும் தன்னை அண்ணாந்து பார்த்தது என்று சொல்லுவாள். அந்த வருஷம் அவளுக்கு விழுந்த சீட்டு டெனிஸுடையது. பையும் தின்று அவளையும் கட்டிக்கொண்டான்.

"ஒம்பது வாரம் தின்னேன், இருபத்தேழு வருஷமா அதுக்குப் பாத்திரம் கழுவுறேன்" என்பான் டெனிஸ். ரோண்டா அவன் தோளில் ஒன்று போடுவாள். அவள் சிரிப்பைப் பார்க்க வேண்டும் அப்போது.

அதனால் அவளைச் சட்டென்று குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. தனக்குக் கிடைத்ததில் நல்லதை மகளுக்குக் கொடுக்க நினைத்தாள். எல்லா அம்மாக்களும் செய்வதுதான்.

மார்லிக்கு ஓட்டம் பிடித்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஓடத் தொடங்கினாள். மைதானத்தைச் சுற்றி ஓடுவது அல்ல. மேய்ச்சல் நிலத்தில், மேடு பள்ளத்தில், சாணியைத் தாண்டி இரண்டு மைல். ஹூஸ்டனிலிருந்து வந்த வரலாற்று டீச்சர் மிஸ் ஓடம் நான்கு பெண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆளுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் ஓடி முடித்தால்தான் அணி என்று கணக்கு. நான்கு பேர் எத்தனை வேகமாக ஓடினாலும் அணிக்கு மதிப்பெண் கிடையாது. மார்லி ஐந்தாவதாகச் சேர்ந்து, இரண்டாம் வருஷத்தில் முதலாவதாக ஓடினாள்.

பந்தயங்கள் சனிக்கிழமை விடிகாலையில். வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து, பெண்களை வீடு சேர்த்து, பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு வரும் ரோண்டாவுக்குச் சனிக்கிழமை எழுந்திருக்க முடியாது. ஜல்லி லாரி ஓட்டும் டெனிஸ்தான் போகிற வழியில் மகளை இறக்கிவிடுவான். மதியம் சமையலறையில் வந்து நிற்கும் மகளிடம் ரோண்டா கேட்பாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"ஷூவ வெளிய விடு. சாணி."

மார்லி பதினொன்றாம் வகுப்புக்கு வந்த செப்டம்பரில் மிஸ் ஓடம் பள்ளி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெள்ளிக்கிழமைப் பையை நிறுத்த வேண்டும். பெண் பிள்ளைகள் பையன்களுக்குப் பணிவிடை செய்யும் வழக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது என்று. வாரியம் கூடிய அன்று ஊரே பள்ளி நூலக அறைக்கு வந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் நானும் ரோண்டாவும் உலக வரைபடத்தில் சாய்ந்துகொண்டு நின்றோம். பயிற்சியிலிருந்து பாவாடையோடு அப்படியே வந்திருந்த மார்லி எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

மிஸ் ஓடம் நிதானமாகப் பேசினார். "என் பொண்ணுங்க அஞ்சு பேரு ஓடுறாங்க. இந்த ஊர்ல ஒரு பையன் ஒரு தடவையாவது அவங்க லாக்கர்ல ஒரு வாழைப்பழம் தொங்கவிட்டிருக்கானா? அதத்தான் கேக்குறேன்."

வாரியத்தின் மூத்த உறுப்பினர் ஜப்பாலாக் கையைத் தூக்கினார். "எம் பேரன் செஞ்சு குடுத்தா அந்தப் பொண்ணுங்க ஓட மாட்டாங்கம்மா, ஆஸ்பத்திரிலதான் கெடப்பாங்க."

அறை சிரித்தது. மிஸ் ஓடம் சிரிக்கவில்லை. "அப்ப அவனுக்குச் சமையல் சொல்லிக் குடுங்க, ஐயா" என்றார். அதற்கும் பின்வரிசையில் சில பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ரோண்டாவுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் போனாள்.

நன்றாகத்தான் பேசினாள். "எங்களப் பொம்மைன்னு நெனைக்கிறீங்க, டீச்சர். நான் பதினஞ்சு அடி உயரத்துலேருந்து விழுந்து மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டவ. மறு வாரம் கட்டோட வந்து நின்னேன். அந்தப் பிள்ளைங்க தூக்குறாங்க, பிடிக்கிறாங்க, விழுறாங்க. ஒருத்திய ஒருத்தி நம்பலேன்னா கழுத்து போயிடும். இதுல கேவலம் எங்க இருக்கு? ஒருத்தருக்கு ஆசையா ஒரு பலகாரம் செஞ்சு குடுத்தா அது அடிமைத்தனமா? இந்த ஊரு வாரத்துக்கு ஒரு தடவை ஒண்ணா நிக்குதுன்னா அதுக்கு முன்னாடி நிக்கிறது எங்க பிள்ளைங்க." கைதட்டல் எழுந்தது. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் கையை நீட்டினாள். "நான் சொல்றது எதுக்கு? என் பொண்ணு ரெண்டுலயும் இருக்கா. அவளையே கேளுங்க. சொல்லு மார்லி."

இருநூறு தலைகள் திரும்பின. மார்லியின் கை என் கையில் உரசியது, சில்லென்று இருந்தது. அவள் மிஸ் ஓடத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு, சார்" என்றாள் ஜப்பாலாக்கிடம்.

பை தப்பித்தது. வாசலில் ரோண்டா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் மார்லியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். வேறு எந்தப் பதிலை அந்தப் பெண் அங்கே சொல்லியிருக்க முடியும் என்று அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அக்டோபரில் மாவட்ட ஓட்டத்தில் பெண்கள் அணி ஜெயித்து மண்டலப் போட்டிக்குத் தேர்வானது. எங்கள் பள்ளியில் அதுவரை நடக்காத விஷயம். காலை அறிவிப்பில் கால்பந்துப் பயிற்சி நேரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு வரியாக வந்தது. போட்டி சனிக்கிழமை காலை, ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில். பேருந்து வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பும். அந்த வெள்ளிக்கிழமை ஹோம்கமிங். பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்பி வந்து உட்காரும் ஆட்டம். அதற்கு வராத சியர்லீடர் அடுத்த வருஷம் தலைவி ஆக முடியாது. அந்த விதியை எழுதிய அம்மாக்கள் குழுவுக்கு ரோண்டாதான் தலைவி.

அறிவிப்பு வந்த அன்று நான் அவள் சமையலறையில் மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். மார்லி பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு வெள்ளிக்கிழமைம்மா."

"ஹோம்கமிங்டி."

"நான் போகலேன்னா நாலு பேருதான். அணியே இல்லாமப் போயிடும்."

"நீ இல்லேன்னா கோபுரத்துல மேல யாரு ஏறுவா?"

"ஜேனா ஏறுவா. அவளுக்கு ஆசை."

ரோண்டா ஆப்ரிகாட் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு வாரியத்துக்கு முன்னாடி பிடிச்சிருக்குன்னு யாருடி சொன்னா? நானா சொன்னேன்? இப்ப நீ பஸ் ஏறினா ஊரு என்னையப் பாத்து என்ன கேக்கும்?"

மார்லி என்னைப் பார்த்தாள். "பெரியம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தாள். நான் மாவில் கண்ணை வைத்துக்கொண்டேன். அடுத்தவள் வீட்டுச் சமையலறையில் அவள் பெண்ணுக்காகப் பேச எனக்கு என்ன உரிமை என்று அப்போது நினைத்தேன். இப்போது அதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மார்லி போகவில்லை. ஹோம்கமிங் அன்று கோபுரத்தின் உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். எங்கள் பையன்கள் முப்பத்தோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

மறுநாள் மளிகைக் கடையில், பால் அடுக்கியிருக்கும் பக்கத்தில், க்ளின்ட் வானெக் எங்களை மறித்தான். மலை மாதிரி இருப்பான், குரல் மட்டும் கோழிக்குஞ்சு.

"மிஸ் ரோண்டா, மார்லிக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கா. ஏன் கண்ணு?"

"இல்ல, ஓடப் போகலையே. அவ பஸ்ல போயிருப்பான்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். ஆட்டத்துல அவளப் பாத்ததும் கால்ல ஏதோ அடின்னு பசங்க பேசிக்கிட்டோம்."

"அவளுக்கு ஆட்டம் இருந்துச்சே" என்றாள் ரோண்டா.

"எங்களுக்குத்தானே மேடம் ஆட்டம்" என்றான் அவன், மரியாதையாகத்தான். "நானே மூணு நிமிஷம்தான் மைதானத்துல ஆடினேன். மாவட்டப் போட்டிக்கு நானும் எங்க அண்ணனும் போயிருந்தோம். கடைசி மேட்டுல மார்லி ஆறு பேரத் தாண்டினா. அப்படி ஓடுறவள நான் பாத்ததே இல்ல. நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க? தேடினேன், பாக்கல."

ரோண்டா பால் டப்பாவின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தாள். "தூரமா நின்னேன்" என்றாள்.

காரில் ஏறியும் சாவியைத் திருகவில்லை. "அவ ஓடி நான் பாத்ததே இல்ல, லிண்டா" என்றாள் என்னிடம். "மூணு வருஷம். ஒரு தடவகூட." நான் ஆறுதல் சொல்லப் போனேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகளிடம் போய்த் தலைவி பதவி வேண்டாம், அடுத்த வருஷம் ஓடு, நான் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மார்லி காதிலிருந்த இயர்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டாளாம். "ஓடுற பொண்ணுங்க நாலு பேரும் இப்ப என் மேசைல உக்காந்து சாப்பிடறதில்லம்மா. நான் யாரோட ஓடறது?" கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாள் என்கிறாள் ரோண்டா.

அடுத்த வருஷம் மார்லி தலைவியானாள். நல்ல தலைவி, ஒரு பெண்கூட விழவில்லை. ரோண்டாவே வாரியத்துக்குப் போய், பையை நிறுத்திவிடலாம் என்று சொன்னாள். "சரிம்மா" என்றார் ஜப்பாலாக், அடுத்த விஷயத்துக்குத் தாளைத் திருப்பிக்கொண்டே. அதற்காகவா அத்தனை கூட்டம் கூடியது என்று இருந்தது.

மிஸ் ஓடத்துக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்தாவதாக ஒரு பெண் கிடைத்தாள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ரோண்டா தனியாகக் கார் எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மார்லி மேசையில் முட்டை தின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் செருப்பில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்தாள்.

"எங்க போயிருந்தே?"

"ஓட்டம் பாக்க."

மார்லி முட்டையை முடித்தாள். தட்டைக் கழுவினாள். குழாயை மூடாமலே கேட்டாள். "அஞ்சாவதா யாரு வந்தா?"

"அந்தச் சின்னப் பொண்ணு. மேட்டுல ரொம்பத் திணறுறா."

"தோளத் தூக்கிக்கிட்டு ஓடுறா. பயிற்சில பாத்தேன், வேலிக்கு வெளிய நின்னு. கைய எறக்கிவிட்டா சரியாயிடும்."

"நீயே அவகிட்டச் சொல்லேன்" என்றாள் ரோண்டா. அவள் குரலில் அவ்வளவு ஆவல்.

மார்லி தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். "நான் யாரும்மா அவளுக்குச் சொல்ல?" என்றாள். பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று பாவாடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.