ஐம்பதுக்குக் கீழே

இத்தாலி வருவதற்கு முன்னால் ஓர் இரைச்சல் வரும். போத்தலுக்குள் அடைபட்ட குளவி மாதிரி. ஐரோப்பாவின் பழைய ரிவி நிலையங்கள் படத்தை அனுப்புகிற அலை காதுக்கு அப்படித்தான் கேட்கும். என் ரேடியோவில் ஐம்பது மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, நாற்பத்தெட்டிலோ நாற்பத்தொன்பதிலோ, அந்தக் குளவி முனகத் தொடங்கினால் அட்லாண்டிக்குக்கு மேலே வானம் திறக்கிறது என்று அர்த்தம். மற்ற நாட்களில் இந்த அலைகள் வானத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். கோடையில் மட்டும், நூறு கிலோமீற்றர் உயரத்தில் எதுவோ திட்டுத்திட்டாகத் தடித்து அவற்றைத் திருப்பி அனுப்பும். ஏன் தடிக்கிறது என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. பத்து நிமிஷம் நிற்கும், ஒரு மணித்தியாலம் நிற்கும், சொல்லாமல் போய்விடும்.

எனக்கு அப்போது இருபது வயது. எலெக்ட்ரோனிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிறவி. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்த கையோடு, மொன்றியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு மேலே, கூரையில், அலுமினியத் திரைச்சீலைக் கம்பிகளால் ஓர் அன்ரெனா கட்டியிருந்தேன்.

“பொம்பிளைப் பிள்ளை கூரையில நிண்டு கம்பி ஆட்டுறாள் எண்டு சனம் கதைக்குது,” என்றா அம்மா.

“ஆட்டேல்லை அம்மா, திருப்புறன். இத்தாலிப் பக்கம்.”

“இத்தாலியில உனக்கு ஆர்?”

இலங்கையில் திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த காலம். கூரையில் கம்பி தெரிந்து சந்தேகத்துக்குள்ளான வீடுகளுக்கு என்ன நடந்தது என்று அம்மா அங்கே கண்டவ. அதைச் சொல்லமாட்டா. பகிடிவிட்டுவிட்டு யன்னலால் தெருவை எட்டிப் பார்ப்பா.

இத்தாலியில் எனக்கு ஒருவர் இருந்தார். தெற்கே, கடற்கரை ஊரொன்றில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஈமெயிலில்தான் பழக்கம். அப்போதுதான் இத்தாலி தன் அமெச்சூர்காரருக்கு எழுபது மெகாஹெர்ட்ஸில் இடம் விட்டிருந்தது. இடம் என்றால், மூன்று மெல்லிய கீற்று. அதுவும் தற்காலிகம். வருஷம் முடிய நீடிப்பார்களோ, பிடுங்கிக்கொள்வார்களோ தெரியாது. ‘எங்களுக்குத் தந்திருப்பது வீடல்ல, படிக்கட்டில் நிற்க அனுமதி’ என்று எழுதினார். கனடாவில் எழுபது ரிவிக்குச் சொந்தம். நான் கேட்கலாம், பேசக்கூடாது. ஆகவே அவர் எழுபதில் கூப்பிடுவது, நான் ஐம்பதில் பதில் சொல்வது என்று ஏற்பாடு. அப்படி மொன்றியாலிலிருந்து ஒருவரும் அவருக்கு இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அவரைப் படிக்கட்டிலிருந்து இறக்குவதற்குள் நடக்கவேண்டும்.

அதனால் அந்தக் கோடை முழுக்க மத்தியானங்களில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குளவியைத் தேடி, நாற்பத்தெட்டுக்கும் ஐம்பதுக்கும் இடையில் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வேறொரு சத்தம் இருந்தது. மூச்சு. சின்ன, ஈரமான மூச்சு.

குழந்தை மொனிற்றர். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைச் செருகிவிட்டால் பிள்ளை அழுவது குசினியில் இருக்கிற மற்றப் பெட்டியில் கேட்கும். அந்தக் காலத்து மலிவான பெட்டிகள் சுவரை மதிப்பதில்லை. தாங்கள் வாங்கி வைத்திருப்பது ஒரு குட்டி வானொலி நிலையம் என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. லைசென்ஸ் வகுப்பில் முதலே சொல்லித்தந்திருந்தார்கள்: உனக்கில்லாதது காதில் விழுந்தால் கடந்து போ, வெளியே சொல்லாதே. நானும் கடந்துதான் போனேன், அந்த மூச்சுக்குப் பக்கத்தில் ஒரு நாள் தமிழ் கேட்கும்வரை.

“அம்மா வேலைக்குப் போட்டா. இனி நாங்கள் ரெண்டு பேரும்தான் ராசா.”

குரல் யாருடையது என்று உடனே தெரிந்தது. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கிற அண்ணை. மன்னார்ப் பக்கம். குனிந்து, இரண்டு கையாலும் நீட்டுவார். பின் ஒழுங்கைக்கு அங்கால், எங்கள் பின்பக்கப் பால்கனிக்கு, இங்கே கலறி என்பார்கள், நேரெதிரே இரண்டாம் மாடியில் இருந்தார்கள். மனைவிக்குப் பக்கத்து வில்லரேயில் ஒரு பேக்கரியில் பகல் வேலை. அவவை நான் அக்கா என்பேன். கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருப்பா. அண்ணைக்குப் பின்னேர வேலை, ஆகவே பகலில் பிள்ளையோடு அவர்.

“பிளேனில காது அடைக்கும். பயப்பிடாத, அப்பா சூப்பி தருவன்.”

நல்லதுதானே, எங்கேயோ பயணம் போகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள்: “அம்மாவுக்குச் சொல்லிப்போடாத, என்ன? சொல்லமாட்டியே என்ர குஞ்சு.” அதற்கும் அடுத்த நாள்: “திருச்சியில அப்பம்மா வீடு பாத்திட்டா. பேந்து இவ எங்கயெண்டு தேடுறது? அழட்டும். அழுது பாக்கட்டும்.”

தாலாட்டுப் பாடுகிற அதே தொனி. குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. வெயிலில் துணி காய்கிற மத்தியானத்தில், எதிர்க் கலறியில் பிள்ளையின் சின்னச் சட்டைகள் ஆடிக்கொண்டிருக்க, நான் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தேன். ஒரு தாய் வேலை முடிந்து வந்து வெறும் தொட்டிலைப் பார்க்கப்போகிறாள். இந்த ஊரில் அது தெரிந்த மூன்றாவது ஆள் நான். மற்ற இரண்டு பேரில் ஒன்றுக்குப் பேச்சு வராது.

அம்மாவிடம் சொன்னேன்.

“தகப்பன் பிள்ளையைக் கொஞ்சுறதை ஒட்டுக் கேக்கிறியே? வெக்கமா இல்லையோடி?”

“கொஞ்சேல்லை அம்மா. கொண்டு போகப்போறார்.”

“அந்தப் பொடியனோ? நிலத்துக்கு நோகாம நடக்கிறவன்!”

“அப்ப நீங்களே கேளுங்கோ.”

ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டினேன். கொண்டைக்கு மேலே அது சரியாக இருக்கவில்லை. கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு ஏளனத்தோடு கேட்டா. ஏளனம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, உடையிற சாமான் மாதிரி மேசையில் வைத்தா.

“இண்டைக்காம்,” என்றா. “டாக்சிக்குச் சொல்லியாச்சாம்.”

“பொலிசுக்குப் போன் அடிக்கட்டோ?”

“அடிச்சு? கூரையில கம்பி கட்டி, அடுத்த வீட்டுக்கை கதைக்கிறதைக் கேட்டனான் எண்டு சொல்லப்போறியோ? தன்ர பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு போறான் எண்டுவான்.” அதற்குள் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. “நீ அவளின்ர பேக்கரிக்கு அடி. பிள்ளைக்குக் காய்ச்சல், உடன வரட்டாம் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத, றோட்டில விழுந்துபோவாள்.”

“நீங்கள் எங்க?”

“நான் சும்மா ஒருக்கா அங்க போய் இருக்கப்போறன்.”

மத்தியானம் அவித்த புட்டைக் கிண்ணத்தில் போட்டு, தட்டால் மூடிக்கொண்டு இறங்கினா. எங்கள் ஆட்களிடம் இதைவிடப் பலமான ஆயுதம் கிடையாது. சொல்லாமல் வந்து கதிரையில் குந்திவிட்ட ஒரு மனுசியை எழுப்பி அனுப்ப யாழ்ப்பாணத்தானாலும் முடியாது, மன்னாரானாலும் முடியாது. தேத்தண்ணி போட்டே ஆகவேண்டும்.

பேக்கரியில் போனை எடுத்தவருக்கு என் பிரெஞ்சு அவசரத்தில் விளங்கவில்லை. திருப்பித் திருப்பிச் சொன்ன பிறகு அக்கா வந்தா.

“காய்ச்சலோ? இவர் எனக்குச் சொல்லேல்லையே. உமக்கு எப்பிடி…”

“வாங்கோ அக்கா. கெதியா வாங்கோ.”

அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டா. அவவுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கவேண்டும் என்று எனக்கு அதில் பட்டது.

ஓடிவந்து ஹெட்போனை மாட்டினேன். தொட்டில் அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். விறாந்தையில் அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது.

“சூட்கேஸ் நிக்குது, எங்கயும் பயணமோ தம்பி?”

“இல்லை அன்ரி, பழைய உடுப்பு. கோயிலுக்குக் குடுக்க.”

“நல்ல விஷயம். தேத்தண்ணிக்குச் சீனி காணாது.”

கரண்டிச் சத்தம்.

“அன்ரி, எனக்கு ஒரு அலுவல் இருக்கு. வெளிக்கிட வேணும்.”

“போட்டு வாங்கோ தம்பி. பிள்ளையை நான் பாக்கிறன்.”

“இல்லை… பிள்ளையோடதான்.”

“இந்த வெக்கைக்கையோ? குடிச்சிட்டுப் போம், ஆறுது.”

அப்போதுதான் குளவி வந்தது. பிள்ளையின் மூச்சுக்குப் பின்னால், மெல்ல, பிறகு தடித்து. அலைவரிசையில் இரண்டும் அவ்வளவு பக்கம். கோடை முழுக்க நான் காத்திருந்த திறப்பு அதுதான். ஒரு கணம் குமிழை எழுபதுக்குத் திருப்பினேன். மருந்துக்கடைக்காரர் அங்கே இருந்தார். லைசென்ஸோடு எனக்குத் தந்த அழைப்புக் குறியை, என்னுடையதை, எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அறைக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. என் கை மைக்கில் இருந்தது. ஆனால் என்னிடம் ஒரே ஒரு ரேடியோ. எழுபதைக் கேட்டு ஐம்பதில் பேசுகிற நேரம் முழுக்க நாற்பத்தொன்பதில் நான் செவிடு. அங்கே அம்மா தனிய.

திருப்பினேன், கீழே.

கதவு சாத்தப்படுகிற சத்தம். இப்போது அறைக்குள் அவரும் பிள்ளையும் மட்டும்.

“இந்த மனுசிக்கு ஆர் சொன்னது, என்ர குஞ்சு?”

திரைச்சீலை வளையங்கள் கம்பியில் உரசின. அந்த யன்னலால் பார்த்தால் எங்கள் கூரை தெரியும்.

“ஓ,” என்றார்.

காலடி. பிறகு மிகப் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே, பெரிய ஆளின் மூச்சு.

“தங்கச்சி,” என்றார், அதே தாலாட்டுக் குரலில். “கேக்குதோ?”

கிளிக். அதற்குப் பிறகு வெறும் குளவி.

வெளிப்படியால் எப்படி இறங்கினேன், ஒழுங்கையை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா சோபாவில், நான் வருவதற்குள் எப்படியோ அவரிடம் வாங்கிய பிள்ளை மடியில். கால் வீக்கமாம், இரண்டு காலையும் சூட்கேஸுக்கு மேலே நீட்டி வைத்திருந்தா. அவர் யன்னலோடு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார், கோயில் வாசலில் சிரிக்கிற மாதிரியே.

கீழே டாக்சி ஹோர்ன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் அடித்தது. பிள்ளை சிணுங்கியது. “டாக்சிக்காரன் ஆரையோ தேடுறான் போல,” என்றா அம்மா, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு. மூன்றாம் முறை நீட்டி அடித்துவிட்டு அது போய்விட்டது.

அக்கா மாப் படிந்த ஏப்ரனோடு மூச்சிரைக்க வந்து நின்றா. சூட்கேஸைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. பிள்ளையை வாங்கிக் கழுத்தில் புறங்கை வைத்தா.

“காய்ச்சல் இல்லை.”

“இல்லை பிள்ளை,” என்றா அம்மா. “பிள்ளையைக் கொண்டு எங்கட வீட்டை வா. ஒண்டும் எடுக்க வேண்டாம், இப்பிடியே வா.”

நாங்கள் படியிறங்கும்போது அவர் பின்னால் வரவில்லை. வாசலில் நின்று சொன்னார்: “புட்டு நல்லாயிருந்தது, அன்ரி.” மேசையில் கிண்ணம் தட்டால் மூடினபடியே இருந்தது.

அக்கா ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனா. எந்த ஊர் என்று இப்போதும் எழுதமாட்டேன். இத்தாலிக்காரர் ஈமெயில் போட்டிருந்தார்: ‘இவ்வளவு நல்ல திறப்பு திரும்ப வராது. எங்கே போனாய்?’ அன்ரெனா வயர் அறுந்துவிட்டது என்று பதில் எழுதினேன். அந்தக் கோடையில் வானம் பிறகு திறக்கவில்லை. வருஷக் கடைசியில் அவர்களுடைய அனுமதியும் முடிந்துபோனது.

சனம் வேறு மாதிரிக் கதைத்தது. நல்ல பொடியனை விட்டிட்டுப் பிள்ளையையும் கொண்டு ஓடிவிட்டாளாம். தாயும் மகளும் குடும்பத்தைப் பிரிச்சுப்போட்டினமாம். பிள்ளை எங்கே என்று ஆளாளுக்கு அம்மாவிடம் அனுதாபமாக விசாரித்தார்கள். கேட்கச் சொல்லி யார் அனுப்புகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு அவர் எங்களுக்கு முன் வரிசை வாங்கில் வந்து இருந்தார். பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரம் திரும்பினார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

“சமாதானம், தங்கச்சி.” விடவில்லை. குனிந்து, மெதுவாக: “நீங்கள் நல்லாக் கேக்கிற ஆள். அவள் எங்கயெண்டும் கேட்டிருப்பீங்கள்.”

எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. என் விரல்கள் நொந்தன. அப்போது பக்கத்திலிருந்து அம்மாவின் கை இடையில் நீண்டது.

“சமாதானம், தம்பி.”

வயதுக்கு மூத்த மனுசி, பீடத்துக்கு முன்னால், நீட்டிய கை. வாங்காமல் விடமுடியாது. என் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்தார். உடனே எடுக்கப் பார்த்தார்.

அம்மா விடவில்லை. பாட்டுத் தொடங்கியது, சனம் முழந்தாளிட்டது. அவரும் அம்மாவும் மட்டும் நின்றுகொண்டேயிருந்தார்கள்.