மங்காத வாடிக்கையாளர்

கடைக் கதவு திறந்ததும் முஹ்ஸின் தன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உள்ளே வந்த ஹிதாயா டீச்சரின் முகம் கரைந்து, பர்தா மட்டும் நீலப் புகையாக நின்றது. திருப்தியோடு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர், இரிங்க" என்றார்.

"என்ன நானா, எங்களக் கண்ணாடி இல்லாமப் பாக்கிறது அவ்வளவு நல்லமா ஈக்குதா?"

"ஓ டீச்சர். அப்படிப் பாத்தா எல்லாரும் வடிவு."

உள்ளே வருபவர்தான் முதலில் சலாம் சொல்ல வேண்டும். யாரையும் முந்தவிடாமல் தானே சொல்லிவிடுவது முஹ்ஸினின் நெடுநாள் பழக்கம். கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பதுதான் இந்த ஆண்டில் புதிதாகச் சேர்ந்தது.

கண்டி நகரின் கொட்டுகொடெல்ல வீதியில் அவர் மகன் பவாஸ் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதன் பின்மூலையில் முஹ்ஸினின் மேசை. பிரேமைச் சூடாக்கி, "வாயத் தொற, தொற" என்று அதனிடம் கெஞ்சியபடியே லென்ஸை உள்ளே தள்ளுவார். எள்ளளவுத் திருகாணியை எச்சில் தொட்ட விரல்நுனியில் ஒட்டவைத்துக் கொண்டுபோய்ப் பூட்டுவார். திருகாணி பிடிக்கும் சாமணத்தைத் தொடமாட்டார். "சாமணத்துக்கு ஒணர்ச்சி இல்ல" என்பார்.

அந்த விரல்தான் முதலில் ஆடத் தொடங்கியது. பிறகு கை முழுவதும். பார்க்கின்சன் நோய் என்றார்கள். மூளையில் டோபமின் என்ற பொருள் வற்றிப்போவதால் வருவது. அதை அப்படியே விழுங்கிப் பயனில்லை. மூளையின் வாசலிலேயே அது நின்றுவிடும். ஆகவே வாசலைக் கடக்கக்கூடிய இன்னொரு பொருளை மாத்திரையாகக் கொடுப்பார்கள். உள்ளே போனதும் அது டோபமினாக மாறிக்கொள்ளும். முஹ்ஸின் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டு, கைகளை மேசைமேல் விரித்துவைத்துக் காத்திருப்பார். ஆட்டம் மெல்ல அடங்கும். "கை வீட்டுக்கு வந்திட்டுது" என்று சொல்லித் திருப்புளியை எடுப்பார்.

கையோடு கூடவே இன்னொருவரும் வந்தார்.

நாற்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, நடுப்பொத்தான் இல்லாத சட்டை, முழங்காலுக்கிடையில் நனைந்த குடை. வாடிக்கையாளர் கதிரையில் வந்து உட்காருவார். நகரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாலும் அந்தக் குடை சொட்டும். தரை மட்டும் நனையாது. தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்போல இருப்பார். சலாம் சொல்லமாட்டார். முஹ்ஸினின் பக்கம் திரும்புவதும் இல்லை.

ஒரு நாள் களைப்பில் முஹ்ஸின் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கைரேகையே தெரியாது. கடை மங்கியது, பவாஸ் மங்கினார், கதிரையின் கால்கள் மங்கின. அந்த மனிதர் மட்டும் தெளிவாக இருந்தார். பொத்தான் இருந்த இடத்தில் தொங்கிய நூல்கூடத் தெரிந்தது.

அன்றிலிருந்து அதுவே அவருடைய சோதனை. மங்குகிறவர் மனிதர், அவருக்குச் சலாம். மங்காதவருக்கு எதுவும் இல்லை. ஆனாலும் தொப்பி போட்ட ஒருவரை நாள்தோறும் சலாம் இல்லாமல் உட்காரவைப்பது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அந்த ஆள் வருவதில்லை. அன்று மனைவி பாயிஸா மாட்டிறைச்சி சமைப்பார். இறைச்சியின் புரதமும் மாத்திரையும் உடம்புக்குள் ஒரே வாசலுக்கு முண்டியடிக்கும். பெரும்பாலும் மாத்திரை தோற்கும். கை பழையபடி ஆடும், கதிரை காலியாக இருக்கும். "வெள்ளிக்கிழம அவருக்கு லீவு" என்பார் முஹ்ஸின். பாயிஸா சிரிக்கமாட்டார். கணவர் கடைக்குப் போனதும், யாரும் வந்து உட்காராதபடி வீட்டிலுள்ள கதிரைகளை எல்லாம் மேசைக்குள் தள்ளிவைத்துவிடுவார்.

இல்லாத ஆளைக் கண்ணுக்குக் காட்டுவதும் அந்த மாத்திரைதான். அதைக் குறைத்தால் ஆள் போய்விடுவார்; கையும் போய்விடும். அதுதான் சிக்கல். இதற்கிடையில், கல்யாணத்துக்குக் கண்ணாடி செய்ய வந்த ஒரு பெண்ணிடம் முஹ்ஸின், "பின்னால ஈக்கிறவர்ட கால்ல மிதிச்சிராதீங்க மகள்" என்று சொல்லிவிட்டார். அவள் காலிக் கதிரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கொடுத்த முற்பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் போய்விட்டாள்.

பவாஸ் குரலை உயர்த்தவில்லை. "வாப்பா, இன்னொரு தரம் காத்தோட கதச்சீங்கண்டா, மேசையத் தூக்கி வீட்டுல வச்சிருவன். நீங்களும் வீட்டுல தான்."

மேசை போனால் விரலுக்கு என்ன வேலை? அதனால்தான் முஹ்ஸின், இப்படித் தோன்றும் ஆட்களைப் போக்கும் மருந்து ஆய்வு ஒன்றுக்குக் கையெழுத்து வைத்தார். அதை நடத்தும் டொக்டர் கோசலா யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஐயா, டோபமினில நாங்கள் கை வைக்கேல்ல. அது உங்கட கைக்கு வேணும். செரட்டோனின் எண்டு இன்னொண்டு இருக்கு. அது போற கதவில ஒண்டைச் சாத்திப் பாக்கிறம்."

"சாத்தினா அவரு வெளியில நிப்பாரா, உள்ளுக்கா?"

கோசலா சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உங்களுக்குத் தாறது மருந்தோ, வெறும் மாவோ எண்டு எனக்கும் தெரியாது. மருந்தா இருந்தால் ஆள் ஒரேயடியாப் போகாமல், மெல்ல மெல்ல மங்கிப் போகலாம்."

"மங்குவாரா?"

"ஓம்."

முஹ்ஸின் அந்த ஒரு சொல்லை வாயில் மென்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

புதிய மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த ஒரு மாலை. வெளியே கண்டி மழை. பவாஸ் முன்மேசையில் இருந்தபடி, இடைக்கிடை வாப்பாவை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். முஹ்ஸினின் விரல் அசையாமல் நின்றது. நுனியில் ஒரு திருகாணி. நிமிர்ந்தபோது கதிரையில் அந்த ஆள் இருந்தார். அதே தொப்பி, அதே நூல், சொட்டும் குடை. பழக்கதோஷத்தில் முஹ்ஸின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

கதவு மங்கியது. கதிரை மங்கியது. அந்த ஆளும் மங்கினார்.

முஹ்ஸின் கண்ணாடியை இறக்கினார், ஆள் தெளிந்தார். ஏற்றினார், ஆள் ஹிதாயா டீச்சரைப்போல, பவாஸைப்போல, ஓரங்கள் கரைந்து புகையாக நின்றார். கோசலாவின் கணக்கில் மருந்து வேலை செய்கிறது. முஹ்ஸினின் சொந்தக் கணக்கிலோ, மங்குகிறவர் மனிதர். சலாம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்த மனிதர். நாளைக்கு இன்னும் மங்கி, மறுநாள் வராமலே போகலாம்.

பவாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

முஹ்ஸின் விரலைச் சுண்டினார். திருகாணி தரையில் விழுந்தது. "ஸ்க்ரூ விழுந்திட்டுது மகன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு மேசைக்கடியில் குனிந்தார். அங்கிருந்து, கதிரைக்கு மட்டும் எட்டும் குரலில், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

திருகாணி கைக்கெட்டிய இடத்திலேயே மின்னியது. அவர் அதை எடுக்கவில்லை. காதை மறைத்த தன் தொப்பியை ஒதுக்கி, கதிரைப் பக்கமாகத் தலையைச் சாய்த்தபடி அப்படியே இருந்தார்.