அப்பா கழுவிய வட்டில்

பினாங்கிலிருந்து அப்பா திரும்பி வந்தபோது அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், தறியை நம்பிப் பிழைக்க முடியாதென்று அங்கே ஒரு ஜவுளிக்கடை வேலைக்குக் கப்பலேறியவர். அங்கே யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், பெட்டியும் கையுமாக ஆட்டையாம்பட்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு அப்போது எட்டு வயது.

வந்தவருக்கு எங்கள் பழக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது. செருப்போடு தறிக்குழி வரைக்கும் வந்துவிடுவார். பால் ஊற்றாத தேத்தண்ணி கேட்பார். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இல்லாத வருஷமெல்லாம் அவருடைய வெண்கல வட்டிலை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கி மாடத்தில் கவிழ்த்து வைத்தவள் அவள். எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த வட்டிலில்தான் பெண்சாதி போட்டுச் சாப்பிடுவாள். பெரியம்மா தினமும் அப்படித்தான் உட்காருவாள். அம்மா ஓரமாக ஒரு ஈயக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். அந்த வட்டிலுக்காக அவள் ஏங்கித்தான் போயிருந்தாள்.

முதல் நாள் அப்பா வழித்துச் சாப்பிட்டார். பிறகு வட்டிலைத் தானே கொல்லைக்கு எடுத்துப்போய், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாடத்தில் கவிழ்த்தார். சோற்றுக் கரண்டியோடு நின்ற அம்மா நின்றபடியே இருந்தாள். மறுநாளும் அதே கதைதான்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டு எச்சில் பாத்திரம் முழுக்க என் தலையில்தான் விழும். தன் வட்டிலைத் தானே கழுவிய முதல் ஆம்பிளை அவர்தான். இப்படி ஒரு அப்பா யாருக்கு வாய்ப்பார் என்று தெருவெல்லாம் பெருமை அடித்தேன். தெரு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பெண்சாதிக்கு வட்டில் கொடுக்காதவன் அவளை வேண்டாம் என்றல்லவா சொல்கிறான் என்று பேசினார்கள். பேச்சு பெரியம்மா காதுக்கு வந்து, அவள் வழியாகப் பெரியப்பாவுக்குப் போயிற்று.

பெரியப்பா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அப்பாவைத் தறியோரம் உட்காரவைத்துக் கேட்டார். "அங்க வேற பொம்பள யாராச்சும் இருக்காளா? இருந்தாச் சொல்லிப்போடு."

உள்ளே தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவின் ராட்டை நின்றது. நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்பாவுக்கு முதலில் எதைப் பற்றிக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. பெரியப்பா வட்டில் சங்கதியைச் சொன்னதும் திகைத்துப்போனார்.

"ஒரே ரூம்புல எட்டுப் பேருங்கண்ணா. அவனவன் தின்ன வட்டில அவனவன்தான் கழுவோணும். அதுல தின்ன அங்க யாருங்க இருந்தாங்க? கை பழகிப்போச்சுங்க."



அன்று பொழுது சாயக் களி கிண்டியிருந்தார்கள். பழகின கை சும்மா இருக்குமா? சாப்பிட்டதும் அப்பா வட்டிலோடு எழுந்து கொல்லைப்பக்கம் பாதி வழி போய்விட்டார். அப்புறம்தான் நினைப்பு வந்து அப்படியே நின்றார். அம்மா எதிரே போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க" என்றாள்.

வாங்கின இடத்திலேயே உட்கார்ந்து, அதிலேயே களியைப் போட்டுச் சாப்பிட்டாள். அந்த வட்டிலும் என் தலையில் விழுந்தது. எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குப் பிறகு அப்பா ஒரு நாளும் வட்டிலைக் காலி செய்யவில்லை. எவ்வளவு போட்டாலும் பாதியை வைத்துவிட்டுத்தான் எழுவார். கடல் தாண்டிப் போய்வந்த வயிற்றுக்கு நம்ம களி எங்கே இறங்கும் என்றாள் பெரியம்மா. நானும் நம்பினேன். சோறு பிடிக்காமல் பினாங்குக்கே திரும்பிப் போய்விடுவாரோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ருசியாகத்தான் சமைத்தால் என்ன என்று அம்மாவிடம் தினமும் சண்டை போட்டேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், அவர் வைத்துவிட்டுப் போன பாதிக் களியை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.