பேனா இருந்த இடத்தில் லேசர்

தராசுக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடைகளில் இருக்கும் மின்னணுத் தராசு படுத்துவிட்டால் அவளிடம்தான் வரும். பழைய தராசுகளின் சர்க்யூட் போர்டு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அதனால் அவளே செய்துவிடுவாள். உடைந்த இரண்டு பிரிண்டர்களின் மோட்டார்களை எடுத்து, செப்புத் தகட்டின் மேல் மார்க்கர் பேனாவால் தானாகவே கோடு போடும் இயந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தாள். பார்க்க எலும்பும் தோலுமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். பிறகு தகட்டை ரசாயனத்தில் போட்டால் மைக்கோட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு மட்டும் மிஞ்சும், அதுதான் சர்க்யூட்.

அதில் ஒரே ஒரு வேலை அவள் கணவருடையது. அவர் தையற்காரர், அடுத்த அறையிலேயே தைப்பார். பேனா இறங்கும்போது தகட்டைத் தொடுகிறதா, மயிரிழை இடைவெளி விட்டு நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவர் வந்து மேஜையில் கன்னத்தை வைத்து, பக்கவாட்டில் பார்த்து, "தொட்டுடுச்சு" என்பார். ஐந்து வருடமாக இதுதான் வழக்கம். இத்தனைக்கும் அந்த மனிதருக்கு இருப்பது ஒரே கண். வலது கண் சின்ன வயதில் விளையாடும்போது குச்சி குத்திப் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் ஊசியில் நூல் கோத்தார், குடும்பமும் நடந்தது.

மார்க்கர் மை அங்கங்கே விட்டுப்போய் அவள் உயிரை வாங்கியது. சரி, பேனாவைக் கழற்றிவிட்டு ஊதா லேசரை மாட்டுவோம், ஒளி பட்டால் இறுகும் படலத்தைத் தகட்டில் ஒட்டிவிட்டால் கோடு கத்தி மாதிரி விழும் என்று முடிவு செய்தாள். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது? லேசர் வாங்கினாள். கண்ணுக்கு ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினாள், அதுவும் ஒன்றே ஒன்று! வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோமே என்று அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் தோன்றவில்லை. பழைய புரோகிராமில் முதல் வரியே, பேனாவை மூன்று விநாடி கீழே இறக்கி நிறுத்து என்பது. அவர் பார்த்துச் சொல்வதற்காக அவளே எழுதிய வரி. பேனா போய் லேசர் வந்த பிறகு, இறக்கு என்றால் எரி என்று அர்த்தம். அந்த வரியை அவள் அழிக்கவில்லை.

காலை பதினோரு மணி இருக்கும். படலம் ஒட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க, பளபளவென்று தேய்த்த தகட்டை வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பொத்தானைத் தட்டினாள். மோட்டார் உறுமியபடி லேசரைத் தொடக்க இடத்துக்கு மெதுவாக நகர்த்தியது. உறுமல் கேட்டால் மனிதர் வராமல் இருப்பாரா? தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து, வழக்கம்போல மேஜையில் கன்னத்தை வைத்தார். தகட்டில் பட்டுத் தெறித்த ஊதா ஒளி நேராக அவர் கண்ணில் பாய்ந்தது.

"ஐயோ!"

அவள் திரும்பியபோது அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஏங்க, கையை எடுங்க. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. கத்தாதம்மா. சும்மா ஒரு மினுக்கு, அவ்வளவுதான்."

கண் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தாள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியுதா தெரியுதா என்று நச்சரித்தாள். அவரும் சளைக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

"இதோ மருந்துக் கடை. அடுத்தது அச்சகம். அப்புறம் செருப்புக் கடை. போதுமா?"

செருப்புக் கடையை மூடி, பலகையைக் கழற்றிப் பத்து நாள் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது ஆள் உயர எழுத்தில் செல்போன் கடை. பாவி மனுஷன் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்! வண்டியை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சுவரில் இருந்த எழுத்துகளில் முதல் வரியையே அவரால் படிக்க முடியவில்லை. டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார்.

"லேசரை யார் போட்டது?"

"நான்தான் டாக்டர். தெரியாத்தனமா கையை வச்சுட்டேன்" என்றார் அவர்.

"பொய் டாக்டர். நான் போட்டேன். கண்ணாடியும் என் மூஞ்சிலதான் இருந்துச்சு. இன்னொரு கண்ணு கிடையாது அவருக்கு. சொல்லுங்க டாக்டர், போயிடுச்சா?"

"போகல. சுட்ட காயம் இருக்கு. ஆனா பார்வையோட நடுமையத்துல இல்ல, ஒரு நூல் தள்ளி இருக்கு. அங்க பட்டிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. வீக்கம் வத்தினா படிக்கலாம், தைக்கலாம். ஒரு சின்னப் புள்ளி மட்டும் காலத்துக்கும் நிக்கும். மூணு வாரம் ஊசியைத் தொடக் கூடாது."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. வராந்தாவில் அவரை நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"செருப்புக் கடையாம் செருப்புக் கடை! யாரை ஏமாத்துறீங்க? ஒண்ணுமே தெரியாமலா வந்தீங்க?"

"நடுவுல பச்சையா ஒரு வட்டம். அதைச் சுத்தி மங்கலா ஏதோ. உன் மூஞ்சிகூட தெரியல."

"ஏன் சொல்லல?"

"ஏற்கனவே நீ தெரியுதா தெரியுதான்னு உயிரை விட்டுட்டிருந்த. நானும் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"என்னமோ ஆகட்டும். இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். என்கிட்ட நடிக்கிற வேலை வேணாம்."

"சரிம்மா."

வாசலுக்கு வந்தார்கள். வெயில் கொளுத்தியது. சொட்டு மருந்தில் விரிந்த கண் கூசியதோ என்னவோ, அவர் சட்டென்று நின்றுவிட்டார். முன்னால் ஒரு காலை நீட்டித் துழாவி, திரும்பவும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"படி தெரியல" என்றார். "எனக்குப் பயமா இருக்கும்மா. கையைப் பிடி."